கோயில் கவுண்டருக்கு ஒரு டெஸ்க்டாப் செயலி: வின்ஃபார்ம்ஸா, க்யூடியா, எலெக்ட்ரானா?

பினாங்கில் கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடை என்று ஏதோ ஓர் இடத்துக்கு நிரல் எழுதித் தர ஒப்புக்கொண்ட தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, “எந்த மொழியில எழுதலாம் அண்ணே?” என்பதுதான். நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். அந்தக் கவுண்டரில் இருக்கும் கணினிக்கு என்ன வயது? சீட்டு அடிக்கும் பிரிண்டர் எது? நீங்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் இந்த நிரலை யார் பார்த்துக்கொள்வார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கருவி (செயலியின் திரையையும் பொத்தான்களையும் கட்ட உதவும் மென்பொருள் தொகுப்பு) பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதியை முடிவு செய்வது தமிழ்: திரையில், தேடலில், வரிசையில், முக்கியமாக அச்சில்.

பொதுவாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்ல கருவியாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: அர்ச்சனைச் சீட்டு கவுண்டர். பக்தர் பெயர் சொல்கிறார், நட்சத்திரம் சொல்கிறார், எந்தச் சந்நிதி என்று சொல்கிறார். கவுண்டரில் இருப்பவர் தட்டச்சு செய்து பணம் வாங்கி, 80 மில்லிமீட்டர் தெர்மல் தாளில் சீட்டை அடித்துக் கிழித்துத் தருகிறார். சாதாரண நாளில் நிதானமாக நடக்கும் வேலை இது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் இதே வேலையை வரிசை நகர நகர, மூச்சு விடாமல் செய்ய வேண்டும். கை மவுஸுக்குப் போகக்கூடாது. இணையம் நின்றாலும் சீட்டு நிற்கக்கூடாது. அத்தனை பேரும் கைப்பேசியோடு கூடியிருக்கும் இடத்தில் மொபைல் டேட்டாவை நம்பிக் கவுண்டர் நடத்த முடியாது. இணையத்தளமாகச் செய்யாமல் டெஸ்க்டாப் செயலியாகச் செய்வதற்கு இதுவே போதுமான காரணம்.

முதலில் பிரிண்டரைப் பார்த்துவிடுவோம். நிரலாளர்கள் கடைசியில் யோசிப்பது அதைத்தான். கடைகளில் கிடைக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலும் எப்சன் வகுத்த ஈஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். ஆங்கில எழுத்தை அப்படியே அனுப்பினால் அச்சாகும். தமிழ் அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோ வரும், ஏனென்றால் பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துப் பட்டியலில் தமிழ் கிடையாது. இதற்கு இரண்டு வழி உண்டு. விண்டோஸ் டிரைவர் வழியாகப் பக்கமாக வரைந்து அனுப்புவது ஒன்று. தமிழ் வரியை நாமே படமாக்கி, 80 மில்லிமீட்டர் தாள் என்றால் 576 புள்ளி அகலத்துக்குள் அடக்கி, பட அச்சுக் கட்டளையோடு அனுப்புவது இன்னொன்று. இந்தப் பிரிண்டர்களின் துல்லியம் அங்குலத்துக்கு 203 புள்ளிதான். எழுத்தளவைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ‘ன’வா ‘ண’வா என்று குருக்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி ஆகிவிடும். பெயரைத் தடித்த எழுத்தில் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். மற்றதெல்லாம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை.

ஆகவே ஒரு கருவியை எடுத்தவுடன் நான் கேட்பது இதைத்தான்: உரையாடல் பெட்டி எதுவும் எழாமல், சொன்ன பிரிண்டருக்கு, தமிழ் சிதையாமல், ஒரே விசையில் அச்சு போகுமா?

வின்ஃபார்ம்ஸ் இதில் எளிதாகத் தேறுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் நிரல் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு 2002-இல் வந்த கருவி. வயதாகிவிட்டது என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் விஷுவல் ஸ்டூடியோவில் பொத்தானை இழுத்து வைத்து, இருமுறை சொடுக்கி, சி ஷார்ப்பில் நாலு வரி எழுதினால் வேலை நடக்கும் சௌகரியம் இன்னும் அதற்கு உண்டு. அச்சுக்கென்று தனி வகுப்பே இருக்கிறது. பிரிண்டர் பெயரைக் கொடுத்து, எந்த இடத்தில் எந்த வரி என்று வரைந்தால் தமிழ் ஒழுங்காக வந்துவிடும். இன்னொரு பெரிய வசதியும் உண்டு. டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ஐ இலக்காக வைத்து எழுதினால், அது விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்புக்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. சில நூறு கேபி அளவுள்ள ஒரு கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. கோயில் கணினியில் நிர்வாகி கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். பள்ளியிலும் கடையிலும் இதே கதைதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். புதிய வசதிகள் எல்லாம் புது டாட்நெட்டுக்குத்தான் வருகின்றன, 4.8 பாதுகாப்புத் திருத்தங்களோடு அப்படியே நிற்கிறது. புது டாட்நெட்டிலும் வின்ஃபார்ம்ஸ் இருக்கிறது. 2019-இல் டாட்நெட் கோர் 3.0 அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே ரன்டைமை (செயலி ஓடத் தேவையான அடித்தளத்தை) தனியாக நிறுவ வேண்டும், அல்லது செயலியோடு சேர்த்துக் கட்டிப் பெரிய பொதியாகக் கொடுக்க வேண்டும். அதோடு, திரையில் பொத்தான்களை நிலையான இடத்தில் வைத்துப் பழகியவர்களுக்குத் தமிழ் உடனே பாடம் கற்பிக்கும். ஆங்கிலத்தில் அழகாக உட்கார்ந்த பொத்தானில் தமிழ்ச் சொல்லின் வால் வெட்டுப்படும். உயரமும் போதாது: ‘ஸ்ரீ’, ‘கூ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி பெட்டியின் ஓரத்தில் மறைந்துவிடும். அட்டவணை அமைப்புப் பலகங்களை முதலிலிருந்தே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வராது. திரை அளவு 150 சதவீதமாக வைத்திருக்கும் புது மடிக்கணினியில் வின்ஃபார்ம்ஸ் திரைகள் கலைந்து போவதும் உண்டு. அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

எழுத்துருவில் ஒரு நுணுக்கம். பழைய நிரல்களில் பலர் ‘லதா’ என்று எழுத்துருப் பெயரை நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து அது கூடவே வந்ததால் யாரும் கவலைப்பட்டதில்லை. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் விருப்பத் தேர்வாகத் தனியே நிறுவும் தொகுப்புக்குப் போய்விட்டன. இயல்பாக இருப்பது ‘நிர்மலா யூஐ’. லதா இல்லாத கணினியில் விண்டோஸ் தானாக நிர்மலாவைப் போட்டுக்கொள்ளும். எழுத்து தெரியும், ஆனால் அகலமும் உயரமும் மாறி, அச்சடிக்கும் சீட்டின் வரிகள் இடம் பெயரும். நிர்மலாவை நேரடியாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் திறந்த உரிமமுள்ள ஒரு தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தக் கருவியை எடுத்தாலும் இது பொருந்தும்.

டாட்நெட்டின் இன்னொரு திரைக் கருவியான டபிள்யூபிஎஃப் 2006-இல் வந்தது. திரை அளவுச் சிக்கல் அதில் இல்லை, வடிவமைப்பும் அழகாக வரும். ஆனால் தெளிவு குறைந்த பழைய திரையில் சிறிய தமிழ் எழுத்து சற்று மங்கும். எழுத்து வடிவமைப்பு முறையைத் திரைக்கேற்ற முறைக்கு மாற்றினால் கூர்மையாகும். கற்றுக்கொள்ள வேண்டியது வின்ஃபார்ம்ஸைவிட நிறைய. ஒரே ஒரு கவுண்டர் திரைக்காக அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உறுப்பினர் பதிவு, நன்கொடைக் கணக்கு, திருமண மண்டப முன்பதிவு என்று செயலி வளரப்போகிறது என்றால் யோசிக்கலாம். டாட்நெட்டின் மாவி லினக்ஸுக்கு இல்லை. கைப்பேசிச் செயலியும் சேர்த்து வேண்டும் என்பவர்களுக்கான கருவி அது, நம் கவுண்டருக்கு ஆகாது.

சரி, க்யூடிக்கு வருவோம். நார்வேயில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்து, டிரோல்டெக், நோக்கியா, டிஜியா என்று கை மாறி இன்று தனி நிறுவனமாக நிற்கும் கருவி. லினக்ஸின் திரைச் சூழலான கேடிஈ முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. விர்ச்சுவல்பாக்ஸும் விஎல்சியும் இதில் எழுதப்பட்டவை. எழுத்தைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸும் நம்பியிருப்பதும் அதே ஹார்ஃப்பஸைத்தான். அதனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே மாதிரி சரியான இடத்தில் விழும். சி பிளஸ் பிளஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. க்யூடியைப் பைத்தானோடு இணைக்கும் பைசைடு 6 மூலம் பைத்தானிலேயே எழுதலாம்.

பைத்தானில் க்யூடி என்றதும் பைக்யூடி, பைசைடு என்று இரண்டு கண்ணில் படும். நிரல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உரிமம்தான் வேறு. பைக்யூடி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. உங்கள் நிரலின் மூலத்தைத் திறக்காமல் விற்க வேண்டும் என்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு எல்ஜிபிஎல்-இல் கிடைக்கிறது. க்யூடி நூலகங்களைத் தனிக் கோப்புகளாக வைத்து, உரிம அறிவிப்பையும் சேர்த்து, அந்த நூலகத்தைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி விட்டால், உங்கள் நிரலை மூடிவைத்து விற்கலாம். லிட்டில் இந்தியாவில் நாலு கடைக்கு ஒரே செயலியை விற்கப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோயிலுக்கு இலவசமாகக் கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அச்சில் க்யூடி வின்ஃபார்ம்ஸுக்குக் குறைந்ததல்ல. திரையில் வரைகிற அதே வழியில் பிரிண்டர் பக்கத்திலும் வரையலாம், படத்திலும் வரையலாம். அந்தப் படத்தை எடுத்து ஈஎஸ்சி/பிஓஎஸ் கட்டளையாக அனுப்பினால் டிரைவரே தேவையில்லை. மொழிபெயர்ப்புக்கு அதனிடம் இருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. திரைச் சொற்களைத் தனிக் கோப்பில் எடுத்து, நிரல் தெரியாத தமிழாசிரியரிடமே கொடுத்துத் தமிழும் மலாயும் நிரப்பச் சொல்லலாம். நம் நாட்டில் மூன்று மொழித் திரை இல்லாமல் எந்த அலுவலகச் செயலியும் முழுமையாகாது. கவுண்டரில் இருக்கும் அக்காவுக்குத் தமிழ் வேண்டும், கணக்காய்வாளருக்கு மலாயோ ஆங்கிலமோ வேண்டும்.

பைசைடில் தொல்லை பொதி கட்டும்போது வரும். பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக இடத்தில் எல்லாவற்றையும் விரித்துவிட்டுத்தான் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அந்தக் காத்திருப்பு எரிச்சலைத் தரும். கோப்புறையாகக் கட்டினால் வேகமாகத் திறக்கும். ஆன்டிவைரஸ் இதைப் பார்த்துத் தவறாகச் சந்தேகப்படுவதும் அடிக்கடி நடக்கும். பைசைடின் அடிப்படைத் தொகுப்பை மட்டும் நிறுவிக் கட்டினால் அளவு கணிசமாகக் குறையும். க்யூடி 6 விண்டோஸ் 7-இல் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பைத்தானும் 3.9-இலிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

டிகின்டர் பைத்தானோடு இலவசமாகக் கூடவே வருகிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். தமிழுக்குப் போதாது. லினக்ஸில் அதன் அடியில் இருக்கும் டிகே 8.6 எழுத்துகளைக் கோக்காமல் ஒவ்வொன்றாக வரைகிறது. ‘கொடி’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காது. படிப்பவருக்கு அது தமிழாகவே தெரியாது. ஆங்கிலத் திரை மட்டும் போதும் என்ற சிறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எலெக்ட்ரான் பக்கம் வருவோம். 2013-இல் கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காகத் தொடங்கியது. இன்று விஎஸ் கோடும் ஸ்லாக்கும் டிஸ்கார்டும் இதில்தான் ஓடுகின்றன. ஒரு குரோமியம் உலாவியையே உள்ளே வைத்துக்கொண்டு வருவதால், எழுத்துகளைக் கோக்கும் விதம், அகர வரிசை, திரை வடிவமைப்பு எல்லாமே உலாவியில் உள்ள தரத்தில் கிடைக்கும். தமிழை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் பார்த்ததிலேயே தொல்லை குறைந்தது இதுதான். உரையாடல் பெட்டி இல்லாமல் குறிப்பிட்ட பிரிண்டருக்கு அனுப்பும் வசதியும் இருக்கிறது. இணையத்தளம் செய்யப் பழகிய தம்பிக்கு முதல் வாரத்திலேயே ஏதாவது ஒன்று திரையில் தெரியும்.

விலை நினைவகத்தில் போகிறது. ஒன்றுமே செய்யாத செயலியே நூறு எம்பிக்கும் மேல் இடம் பிடித்து, ஓடும்போது நினைவகத்தையும் நிறையக் கேட்கும். எட்டு ஜிபி உள்ள கணினியில் இது ஒரு பொருட்டே அல்ல. நாலு ஜிபி உள்ள கணினியில், பக்கத்திலேயே குரோமில் வாட்ஸ்அப்பும் யூடியூப் பக்திப் பாடலும் திறந்திருக்க, பெயர் தட்டும்போது எழுத்து விரலுக்குப் பின்னால் வரும். தைப்பூச வரிசையில் அதை ஏற்க முடியாது. இன்னொன்று: எலெக்ட்ரான் 23, 2023-இல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் விட்டுவிட்டது. பழைய 22-ஐ வைத்துக்கொண்டு ஓட்டினால் உள்ளே இருக்கும் குரோமியத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. எலெக்ட்ரான் எடுத்தால் பதிப்பை ஏற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்காத வேலைக்கு அது பொருந்தாது.

டவ்ரி இந்தப் பாரத்தைக் குறைக்கிறது. உலாவியைச் சுமந்து வராமல், கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துகிறது: விண்டோஸில் வெப்வியூ2, லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. நிறுவும் கோப்பு சில எம்பிதான். பின்னணி நிரல் ரஸ்ட் மொழியில். 2024 அக்டோபரில் 2.0 வந்தது. நம் வேலையில் இடறும் இடம் அச்சுதான். பக்கத்திலிருந்து அச்சு கொடுத்தால் உரையாடல் பெட்டி எழும். அதைத் தாண்ட ஒரு நல்ல வழி உண்டு. திரைக்குப் பின்னால் ஒரு கேன்வாஸில் சீட்டை வரையுங்கள். கேன்வாஸ் தமிழைச் சரியாகக் கோத்துத் தரும். அந்தப் புள்ளிகளை எடுத்து ரஸ்ட் பக்கம் அனுப்பி, பிரிண்டருக்கு நேராகக் கொடுங்கள். வேலை கொஞ்சம் கூடுதல், பலன் உறுதி. ஆனால் மூன்றாவது கேள்வியை மறக்கக்கூடாது: அந்த ரஸ்ட் நிரலை உங்களுக்குப் பிறகு யார் திறப்பார்கள்?

பாஸ்கல் மொழிக்கான லசாரஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய கணினிக்கு அதைவிட இணக்கமான கருவி குறைவு. டெல்ஃபி பாணியில், இலவசமாக, ஒற்றைக் கோப்பாக, வேகமாகத் திறக்கும் செயலியைத் தரும். விண்டோஸின் சொந்த உள்ளீட்டுப் பெட்டிகளையே பயன்படுத்துவதால் தமிழ் தட்டச்சில் குழப்பமில்லை. சரங்கள் யூடிஎஃப்-8-இல் இருப்பதால் நீளத்தை எண்ணும்போது மட்டும் கவனம் தேவை. ‘மு’ என்ற ஒற்றை எழுத்துக்குச் சாதாரண நீளக் கட்டளை 6 என்று சொல்லும், அது பைட்டுகளின் எண்ணிக்கை. பெயரை இத்தனை எழுத்துக்கு மேல் வெட்டு என்று எழுதினால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். பாஸ்கல் தெரிந்த இளைஞரை இங்கே கண்டுபிடிப்பது கடினம் என்பதால்தான் நான் இதை முதலில் சொல்வதில்லை. உங்களுக்கே பாஸ்கல் நன்றாகத் தெரியும், பொறுப்பையும் நீங்களே வைத்துக்கொள்வீர்கள் என்றால் தயங்காமல் எடுங்கள்.

அவலோனியாவும் ஃப்ளட்டரும் திரை முழுவதையும் தாங்களே வரைபவை. அவலோனியா சி ஷார்ப் தெரிந்தவர்களுக்கு லினக்ஸ் கதவைத் திறந்துவிடுகிறது, டபிள்யூபிஎஃப் பழக்கம் இருந்தால் இன்னும் எளிது. ஃப்ளட்டர் விண்டோஸில் 2022-இல் நிலையான பதிப்பாக வந்தது. இரண்டிலும் அச்சுக்கு வெளி நூலகத்தைத் தேட வேண்டும். பிடிஎஃப் ஆக்கி அச்சிடும் நூலகம் என்றால், அது தமிழ் எழுத்தைக் கோக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரையில் ஒழுங்காக வந்த பெயர் பிடிஎஃப்-இல் கொம்பு பிரிந்து வருவது அடிக்கடி நடக்கும் விபத்து.

அப்புறம், எந்தக் கருவியும் தானாகத் தீர்த்து வைக்காத இரண்டு விஷயங்கள்.

ஒன்று அகர வரிசை. உறுப்பினர் பட்டியலைப் பெயர் வரிசையில் கேட்டால், எஸ்கியூலைட் தரவுத்தளம் இயல்பாக யூனிகோட் எண் வரிசையில்தான் தரும். யூனிகோட் அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ நிற்கிறது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ நிற்கிறது, ‘ழ’வும் ‘ள’வும் ‘வ’வுக்கு முன்னால் வந்துவிடுகின்றன. தமிழ் நெடுங்கணக்கில் ‘ற’, ‘ன’ இரண்டும் கடைசி. புள்ளி வைத்த எழுத்தோ, எண் வரிசையில் உயிர்மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும். அகராதி பார்த்துப் பழகிய செயலாளர் பட்டியலைக் கையில் வாங்கியதும், “என்ன தம்பி, வரிசை தப்பா இருக்கு” என்பார். எலெக்ட்ரானில் ‘தமிழ் வரிசை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொழிகளின் வரிசை விதிகளை அறிந்த ஐசியு நூலகம் உள்ளேயே இருக்கிறது. டாட்நெட்டில் தமிழ்ப் பண்பாட்டு அமைப்பைக் கொடுத்து ஒப்பிடலாம். பைசைடில் க்யூகொலேட்டர் இருக்கிறது. எஸ்கியூலைட்டிடம் இவற்றில் ஒன்றைப் புது வரிசை விதியாகப் பதிவு செய்துவிட்டால் கேள்வி மொழியிலேயே சரியாக வரும். நட்சத்திரப் பட்டியலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அகர வரிசையில் போடாதீர்கள். அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடிகிற 27-உம் அந்த வரிசையில்தான் எல்லார் மனதிலும் இருக்கின்றன.

இன்னொன்று தேடல். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று ஒரு விதம், ககரம், எகரக் குறி, கால் என்று மூன்றாக இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு. ஒருவர் அஞ்சல் விசைப்பலகையில் அடித்ததும், இன்னொருவர் பழைய கோப்பிலிருந்து ஒட்டியதும் வேறு வேறாக இருந்தால், ‘கோமளா’ பட்டியலில் இருந்தும் தேடலில் அகப்பட மாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். டாட்நெட், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், க்யூடி நான்கிலும் இதற்கு ஒரே ஒரு கட்டளைதான். ‘கௌரி’யில் ‘ௌ’ குறிக்குப் பதில் ‘ள’கரத்தை அடிப்பவர்களும் நிறைய, அதற்குத் தனியாக ஒரு சோதனை எழுதுவது நல்லது. நம் மக்கள் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில்தான் பலர் சொல்வார்கள், எழுதுவார்கள். அதனால் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம், அட்டைப் பெயருக்கு ஒரு கட்டம், தேடல் இரண்டிலும் நடக்க வேண்டும்.

பழைய தரவும் ஒரு பாடு. பல அலுவலகங்களில் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழுக்கு யூனிகோட் பரவலான புழக்கத்தில் இல்லை. டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியாக்கத்தில் பெயர்கள் சேமிக்கப்பட்டிருக்கும். தமிழைக் கணினியில் தட்டச்சு செய்யும் பழக்கம் மலேசியாவில் வேரூன்ற முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் எவ்வளவு பெரிய காரணம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தத் தலைமுறைக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதைத் தனி வேலையாகத் திட்டமிடுங்கள். பைத்தானில் எழுதினால் ஒருமுறை ஓட்டித் தூக்கிப் போட்டுவிடலாம். முதன்மைச் செயலிக்கு வேறு கருவி எடுத்திருந்தாலும் பரவாயில்லை.

கணினியின் வயதுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இப்போது முடிவை மாற்றுவது அதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். நன்கொடையாக வந்த கோயில் கணினிகளில் பல இதற்குக் கீழேதான். நிர்வாகம் புதுக் கணினி வாங்கும், இல்லையென்றால் யாராவது ஒருவர் லினக்ஸ் போட்டுக் கொடுப்பார். லினக்ஸ் வரும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்-உம் அங்கேயே நின்றுவிடும். க்யூடி கூடவே வரும். தெர்மல் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாவிட்டாலும், படமாக்கி நேராக அனுப்பும் வழியில் எழுதியிருந்தால் அங்கும் சீட்டு வரும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தம்பிகள் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. 1972-இல் இன்டெல் வந்து இறங்கிய காலத்திலிருந்து அங்கே சோதனை மேசைகளுக்கென்று நிரல் எழுதும் பெரிய கூட்டமே உண்டு. அங்கே தமிழ் எழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை. அளவிடும் கருவியோடு பேச வேண்டும், வரைபடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இரவு ஷிப்டிலும் திரை உறையக்கூடாது. கருவி விற்றவர் டாட்நெட் நூலகம் கொடுத்திருந்தால் சி ஷார்ப், சி நூலகம் மட்டும் கொடுத்திருந்தால் க்யூடியும் சி பிளஸ் பிளஸும். அளவிடும் வேலையைத் திரையை இயக்கும் அதே இழையில் (த்ரெட்) ஓட்டாதீர்கள் என்ற ஒன்றே போதும், மற்றதை உங்கள் தொழிற்சாலை நடைமுறையே சொல்லும்.

என்னைக் கேட்டால், கவுண்டரில் விண்டோஸ் 11 ஓடும் கணினி, அடுத்த சில வருஷத்துக்கு மாறாது, பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு சி ஷார்ப் கொஞ்சம் தெரியும் என்றால், வின்ஃபார்ம்ஸ், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனி ஆளுக்கு இலவசம் என்பதால் செலவும் இல்லை. கணினி பழையது, லினக்ஸுக்குப் போகலாம், அல்லது பல கோயில்களுக்கும் கடைகளுக்கும் ஒரே செயலி என்றால் பைசைடு, அதுவும் விட்ஜெட் முறையில். க்யூடியின் இன்னொரு திரை வடிவமைப்பு முறையான க்யூஎம்எல் அழகுதான், ஆனால் விசைப்பலகையிலேயே நடக்கும் படிவத்துக்கு, பொத்தான், கட்டம் போன்ற ஆயத்த விட்ஜெட்டுகள் போதும். எட்டு ஜிபிக்கு மேல் நினைவகம், இணையத்தள அனுபவமுள்ள இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, வருஷத்துக்கு ஓரிரு முறை பதிப்பு ஏற்றத் தயாரான மனம் இருந்தால் எலெக்ட்ரான். மற்றவற்றை அந்தந்தக் கருவியில் ஏற்கெனவே கை தேர்ந்தவர்களுக்கு விடுகிறேன்.

எதை எடுத்தாலும் திரையை வடிவமைக்கும் முன் அச்சைத் தொடங்குங்கள். உள்நுழைவுப் பக்கம், லோகோ, வண்ணம் எல்லாம் அப்புறம். ‘ஸ்ரீ கௌரி, மிருகசீரிடம்’, ‘கோவிந்தராஜூ, பூரட்டாதி’, ‘கண்ணன், உத்திரட்டாதி’ என்று மூன்று வரியும், கூடவே ரோமன் எழுத்தில் ஒரு பெயரும், வெள்ளி சென்னில் ஒரு தொகையும் போட்ட சீட்டு ஒன்றை, உங்கள் கணினியில் இல்லை, அந்தக் கவுண்டர் கணினியிலிருந்து அந்தப் பிரிண்டரிலேயே அடியுங்கள். அதைக் கவுண்டரில் இருப்பவரிடமும் குருக்களிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இருவரும் தடுமாறாமல் வாசித்தால் அந்தக் கருவியோடு மேற்கொண்டு போகலாம்.